அண்ணாந்து பார்த்த நான்கு நாள்

நாள் 1, ஞாயிறு

நூலக வேலையில் 31 வருடம் இருந்தவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்த நூலகத்துக்குள் நுழைந்தாலும் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். ஒழுகுகிறதா, காரை பெயர்ந்திருக்கிறதா, மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி மஞ்சளாக ஈரக்கறை படர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புத்தகம், அலமாரி எல்லாம். ஐப்பசி மழையில் பீரோக்களை இரவோடு இரவாக நகர்த்தியவர்களுக்கு இது புரியும்.

மகள் இத்தாலியில், பொலோன்யாவில் படிக்கிறாள். "வாம்மா, என்னென்ன பார்க்கணும்னு லிஸ்ட் போட்டு அனுப்பு" என்றாள். நான் லிஸ்ட் போடவில்லை, ஒரே ஒரு வரிதான் அனுப்பினேன். புளோரன்ஸில் இருக்கும் ரிக்கார்தியானா நூலகத்தின் கூரை.

"கூரையைப் பார்க்கவா ஃப்ளைட் ஏறி வர்ற?"

ஆமாம் என்றேன். அந்தக் கூரையில் லூக்கா ஜொர்தானோ என்ற நேப்பிள்ஸ்காரர் 1680களில் ஓர் ஓவியம் தீட்டியிருக்கிறார். அறியாமையின் கட்டிலிருந்து மனித அறிவு விடுபடுவதுதான் அதன் பொருள். வேலையில் இருந்த காலத்தில் ஒரு பழைய கலைப் புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்தேன். நூலகக் கூரையில் இதையெல்லாம்கூட வரைவார்களா என்ற வியப்பு அன்றிலிருந்து போகவில்லை.

பொலோன்யாவிலிருந்து புளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. வழியில் மலைகளைப் பார்க்கலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட பாதை முழுக்கச் சுரங்கம். ஜன்னலில் என் முகம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறக்காது என்பது தெரிந்தே வந்தோம். பெட்டியை அறையில் வைத்துவிட்டு, நூலகம் இருக்கும் மாளிகையை வெளியிலிருந்தாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கவூர் வீதியில் ஒரு பெரிய நீளத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது மெதிச்சி ரிக்கார்தி மாளிகை. கீழ்த்தளத்தில் மலையிலிருந்து உடைத்தபடியே வைத்ததுபோல முரட்டுக் கற்கள். மேலே போகப் போகக் கல் வழவழப்பாகிறது. சுவரின் அடியில் வீதியைப் பார்த்தபடி நீளமாக ஒரு கல் திண்ணை. பெரிய மனிதரைப் பார்க்க வந்தவர்கள் அந்தக் காலத்தில் அதில் உட்கார்ந்து காத்திருந்தார்களாம். நாங்களும் உட்கார்ந்தோம். நவம்பர் மாதக் கல், உட்கார்ந்த உடனே எழுந்துவிட்டோம்.

1444-இல், ஊரை ஆட்டிவைத்த வங்கிக் குடும்பத்தின் தலைவர் கோசிமோ தெ மெதிச்சிக்காக மிக்கெலோஸ்ஸோ என்ற கட்டடக் கலைஞர் இதைக் கட்டத் தொடங்கினார். 1659-இல் மெதிச்சிகள் இதை ரிக்கார்தி குடும்பத்துக்கு விற்றார்கள். வாங்கியவர்களுக்கு வீடு போதவில்லை, பக்கத்து இடத்தையும் சேர்த்து நீட்டினார்கள். வரிசைக்குப் பத்து ஜன்னல் இருந்தது பதினேழு ஆனது. பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று எண்ணினோம். அதே கல், அதே வளைவு, அதே அளவு, ஒட்டுப் போட்ட இடம் லேசில் தெரியாது. ஆனால் ஜன்னல் வளைவுகளுக்குள் இருக்கும் சின்னம் காட்டிக்கொடுக்கிறது. பழைய பகுதியில் இருப்பது மெதிச்சிகளின் உருண்டைகள். புதிய பகுதியில் இருப்பது ரிக்கார்திகளின் சாவி.

"பழைய வீடு வாங்கினவங்க கதவுல இனிஷியல் போட்ட மாதிரி" என்றாள் மகள்.

நாள் 2, திங்கள்

இன்று மாளிகைக்குள் போனோம். முற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சிற்பி தொனத்தெல்லோவின் வெண்கலத் தாவீது ஒரு காலத்தில் இங்கேதான் நின்றது. இப்போது சிலை வேறு இடத்தில் இருக்கிறது, இங்கே எலுமிச்சைத் தொட்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்.

மேல்தளத்தில் சின்னதாக ஒரு வழிபாட்டறை. ஒரு நேரத்தில் சிலரை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். பெனோஸ்ஸோ கொஸ்ஸோலி 1459-இல் தீட்டிய, குழந்தை இயேசுவைப் பார்க்கப் போகும் மூன்று ஞானிகளின் ஊர்வலம் சுவர்கள் முழுக்க. தங்கச் சரிகை, குதிரை, வேட்டை நாய், சிறுத்தை என்று கல்யாண ஊர்வலம்போல இருக்கிறது. இந்த அறைக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள், வர வேண்டியதுதான். ஆனால் நான் நின்றது ஒரு மூலையில். அங்கே சுவர் இயல்பில்லாமல் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஓவியமும் அந்த இடத்தில் வெட்டுப்பட்டு, கிழவர் ஞானியின் கூட்டம் இரண்டு முகச் சுவராக மடிகிறது. காரணம் ரிக்கார்திகள்தான். அவர்களுடைய புதிய மாடிப்படிக்கு இடம் வேண்டியிருந்தது. அதற்காக ஓவியச் சுவரை அறுத்து நகர்த்தினார்கள்.

ஜொர்தானோவுக்குக் கூரை கொடுத்தவர்களும் இவர்களே. ஒரு கையால் 230 வருடப் பழைய ஓவியத்தை அறுக்கிறார்கள், மறுகையால் புதிய ஓவியத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். அந்தக் கொஸ்ஸோலியை அவர்கள் ‘பாட்டன் காலத்துச் சமாச்சாரம்’ என்று நினைத்திருப்பார்கள். நாம் மட்டும் என்னவாம், தாத்தா கட்டிய தூண் வீட்டை இடித்து மார்பிள் போடவில்லையா?

அங்கிருந்து சில அறைகள் தாண்டினால் நீண்ட காட்சிக்கூடம். எங்கு திரும்பினாலும் வெள்ளையும் பொன்னும். சுவர்களில் பூக்களும் குழந்தைகளும் தீட்டிய பெரிய கண்ணாடிகள். மேலே ஒரே நீள வளைவாகக் கூரை, முழுக்க ஜொர்தானோ. நூலகக் கூரைக்கு இது அக்கா. இரண்டும் ஒரே வேலைத் தொடரில் செய்தவை, 1685-இல் முடிந்தவை.

விளிம்பைச் சுற்றிக் கூட்டமோ கூட்டம், எல்லாம் ரோமானியப் புராணம். பாதாளத்தில் படகோட்டி காரோன், புரோசெர்பினாவைத் தூக்கிக்கொண்டு போகும் புளூட்டோ, கடலில் நெப்டியூன், காட்டில் பாக்கஸின் குடிகாரக் கும்பல். நடுவில் பெரும்பகுதி வெறும் வானம். முதலில் எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கிறாரே என்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வெற்றிடம்தான் அறையை உயர்த்துகிறது என்று தெரிகிறது. அங்கேயும் ஆட்களை நிரப்பியிருந்தால் தலையில் விழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்திருக்கும்.

அந்த வானத்தின் நடுவே ஜூபிடர். அவரைச் சுற்றி மெதிச்சி குடும்பத்து ஆண்கள், தலைமேல் நட்சத்திரங்களோடு. இதற்கு ஒரு கதை உண்டு. 1610-இல் கலிலியோ வியாழனைச் சுற்றி நான்கு நிலவுகளைக் கண்டுபிடித்தபோது அவற்றுக்கு ‘மெதிச்சி நட்சத்திரங்கள்’ என்று பெயரிட்டு அந்தக் குடும்பத்துக்குக் காணிக்கையாக்கினார். வியாழனும் ஜூபிடரும் ஒன்றுதானே! அந்த வானியலைத்தான் 70 வருடம் கழித்துக் கூரையில் முகஸ்துதியாக மாற்றியிருக்கிறார்கள்.

வீட்டை வாங்கியவன் விற்றவனைப் புகழ்ந்து தன் கூரையில் படம் எழுதுவது வேடிக்கைதான். விற்றவர் ஊரை ஆளும் பெருங்கோமகன் என்பதை மறந்துவிடக்கூடாது. ரிக்கார்திகள் வணிகத்தில் சம்பாதித்து அரசவைக்குள் ஏறி வந்தவர்கள். ஏணியை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா. ஆனால் அந்த நட்சத்திரங்கள் அதிக நாள் எரியவில்லை. கூரையில் இளவரசனாக இருக்கும் ஜான் கஸ்தோனே 1737-இல் வாரிசில்லாமல் இறந்தார், ஆளும் மெதிச்சி வம்சம் அத்தோடு முடிந்தது. கூரை முடிந்து 52 வருடம்.

இந்தப் படங்களையெல்லாம் யார் எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. கோயில் தூணில் முகம் தேய்ந்துபோன சிற்பமாக இருந்தாலும் கையில் சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள், வேல் இருந்தால் முருகன். அதே மாதிரிதான். தராசு இருந்தால் நீதி, தூண் இருந்தால் மனத்திண்மை, கண்ணாடியும் பாம்பும் இருந்தால் விவேகம். 1593-இல் சேசரே ரீப்பா என்பவர் இந்தக் குணங்களுக்கெல்லாம் உடை, ஆயுதம், வாகனம் என்று அகராதிபோல ஒரு புத்தகமே தொகுத்தார். இத்தாலிய ஓவியர்களின் பட்டறைகளில் பல தலைமுறை அது புழங்கியது. கூரைக்கு என்ன படம், எந்த மூலையில் யார் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர் ஓவியர் இல்லை. அலெசாந்த்ரோ சேஞி என்ற புலவர், இத்தாலிய மொழிக்கு அகராதி செய்த க்ருஸ்கா அகாதெமியைச் சேர்ந்தவர். புலவர் எழுதிக்கொடுத்ததை ஓவியர் வண்ணமாக்கினார்.

ஒரு மணி நேரத்தில் கழுத்து போய்விட்டது. மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, இடுப்பளவில் படுக்கைவாக்கில் பிடித்துக்கொண்டு அதற்குள் குனிந்து பார்ப்பது. கூரை முழுக்கக் கைக்குள் வந்துவிட்டது. படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே நடந்தோம். எதிரில் வந்த ஒரு வயதான தம்பதி சிரித்துவிட்டு, அவர்களும் போனை எடுத்தார்கள்.

நாள் 3, செவ்வாய்

நூலகத்துக்கு வாசல் மாளிகையின் பின்பக்கம், ஜினோரி வீதியில். முன்வாசலில் டிக்கெட், வரிசை, நினைவுப்பொருள் கடை. பின்வாசலில் யாருமில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி, பையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு ஏறினோம். பென்சில் மட்டும் கையில். அந்த ஒரு விஷயத்திலேயே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பேனாவை உள்ளே விடாத நூலகம் நல்ல நூலகம்.

மூன்றாம் நாளாகிறது, இன்னும் கூரையைப் பற்றிச் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பீர்கள். இதோ. கதவைத் தாண்டினேன். பழக்கதோஷத்தில் கண் மேலே போனது. ஈரக்கறை இல்லை. அதற்குப் பிறகுதான் ஓவியம் கண்ணில் ஏறியது.

காட்சிக்கூடத்தை விடச் சின்ன அறை. சுவர் முழுக்கச் செதுக்கிப் பொன் பூசிய மர அலமாரிகள், அவற்றில் பழுப்பேறிய தோல் முதுகுகள். மேசைகளில் நான்கைந்து பேர் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே கூரை திறந்து மேகமும் வெளிச்சமும் கொட்டுகிறது. கட்டுண்ட இளைஞன் ஒருவன், அவன்தான் மனித அறிவு. அவனுடைய கட்டு அவிழ்கிறது, சிறகு கிடைக்கிறது. உதவிக்கு வந்திருப்பவர்கள் கணிதம், தத்துவம், இறையியல், எல்லோரும் பெண்கள். (அறிவெல்லாம் பெண்ணாக இருக்கிறது, ஆனால் விடுதலை பெறும் அறிவாளி மட்டும் ஆண். சரி, 17-ஆம் நூற்றாண்டு.) எல்லோரையும் தாண்டி உச்சத்தில் வீற்றிருப்பவள் இறைஞானம். பார்வை கீழேயிருந்து தொடங்கி, இளைஞனின் உடம்பைப் பிடித்துக்கொண்டு, மேகம் மேகமாக ஏறி அவளிடம் போய்ச் சேருகிறது.

நேற்றைய கூரைக்கும் இதற்கும் வித்தியாசம் பார்த்த உடனே தெரிந்தது. அங்கே நூறு கதை, எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். இங்கே ஒரே கதை, ஒரே திசை. அங்கே நடந்துகொண்டே பார்க்க வேண்டும். விருந்துக்கு வந்தவர்கள் கையில் மதுக்கோப்பையோடு உலாத்தும் இடம் அது. இது உட்கார்ந்திருப்பவர்களுக்கான கூரை. படிக்கிறவன் நிமிர்ந்தால் ஒரே பார்வையில் முழுக்கக் கிடைக்க வேண்டும், உடனே மறுபடி குனிந்துவிடலாம்.

ஜொர்தானோவுக்கு ‘லூக்கா ஃபா பிரெஸ்தோ’ என்று பட்டப்பெயர். ‘லூக்கா, சீக்கிரம் போடு’ என்று அர்த்தம். சின்ன வயதில் அப்பா பக்கத்தில் நின்று விரட்டியதால் வந்த பெயர் என்று கதை. அவசரக்காரர், மேம்போக்கானவர் என்று இந்தப் பெயரை வைத்தே அவரைத் தட்டிக் கழித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூரைச் சுதை ஓவியம் என்பது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டுவது. அன்றைக்கு எவ்வளவு முடிக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூச்சுப் பூச வேண்டும். அது காய்வதற்குள் வண்ணம் உள்ளே இறங்கிவிட வேண்டும். காய்ந்தபின் திருத்துவது லேசில்லை, தப்பினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். சாரத்தின்மேல் அண்ணாந்து நின்றுகொண்டு, சுண்ணாம்பு கண்ணில் சொட்ட, காயும் சுவரோடு போட்டி போடுகிறவன் சீக்கிரம் போடாமல் என்ன செய்வான்?

யோசிக்க வேண்டியதையெல்லாம் அவர் முன்னாலேயே யோசித்துவிட்டார் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. இரண்டு கூரைகளுக்கும் அவர் எண்ணெய் வண்ணத்தில் துணியில் செய்துபார்த்த சிறிய மாதிரிகள் பல இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. நூலகக் கூரைக்கான மாதிரியும் அவற்றில் ஒன்று. நேப்பிள்ஸில் 1634-இல் பிறந்து, புளோரன்ஸுக்கு ஒரு தேவாலயக் குவிமாடம் தீட்ட 1682-இல் வந்த மனிதர், இடையில் ஊருக்குப் போய்விட்டு மறுபடி வந்து இந்தக் கூரைகளை முடித்தார். பின்னால் ஸ்பெயின் அரசர் கூப்பிட்டு அங்கே பத்து வருடம் கூரை கூரையாகத் தீட்டினார். 1705-இல் இறந்தார். வாழ்நாளில் எத்தனை வருடம் அண்ணாந்தே நின்றிருப்பார்!

இந்த நூலகத்தின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. மாளிகைக்குச் சொந்தக்காரரான பிரான்செஸ்கோ ரிக்கார்தியின் மனைவி கசாந்த்ரா கப்போனி. அவளுடைய அப்பா வின்சென்சோ கப்போனி பெரிய புத்தகப் பிரியர். அவர் சேர்த்த நூல்கள் மகள் வழியாக இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பிறந்த வீட்டிலிருந்து நகை வரும், நிலம் வரும். கசாந்த்ராவுக்கு வந்தது ஒரு நூலகம். ரிக்கார்திகளிடம் ஏற்கெனவே நூல்கள் இருந்தன, ஆனால் அறைக்கு அந்தஸ்து வந்தது இந்தச் சேர்க்கையால்தான். அறைக்கு அவள் பெயரை யாரும் வைக்கவில்லை.

1715 முதல் குடும்பத்தார் அல்லாத படிப்பாளிகளுக்கும் இது திறந்துவிடப்பட்டது. ஜொவான்னி லாமி என்ற நூலகர் கையெழுத்துப் பிரதிகளுக்கு 1756-இல் அச்சில் ஒரு அட்டவணை வெளியிட்டார். அவர் பெயரைப் பார்த்ததும் கூட வேலை பார்த்தவரைச் சந்தித்ததுபோல இருந்தது. ஓவியரின் பெயர் எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது. ஆனால் புத்தகத்தைத் தேடினால் கிடைக்கும்படி செய்தவர் லாமி. இங்கே என்னென்ன இருக்கிறது என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: தாந்தேயின் பெருங்காவியத்தைப் பொக்காச்சோ தன் கையால் பிரதியெடுத்த சுவடி. ஒரு பெரும் எழுத்தாளன் தன் முன்னோடியின் நூலை வரிவரியாகப் பார்த்து எழுதியது. அதைக் காட்டும்படி கேட்கவில்லை. கேட்க எனக்கு ஆராய்ச்சிக் காரணம் எதுவும் இல்லை. அதே கட்டடத்தில் இருக்கிறது என்பதே போதும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிக்கார்திகள் கடனில் மூழ்கினார்கள். நூல்கள் ஏலத்துக்குப் போகும் நிலை. சிதறிப்போகாமல் 1813-இல் நகராட்சி மொத்தமாக வாங்கியது, 1815-இல் அரசின் சொத்தானது. மாளிகையும் அரசிடமே போனது. ஜன்னலில் சாவி பொறித்தவர்களிடம் சாவி தங்கவில்லை.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் மேசையில் இருந்தவர்களில் எத்தனை பேர் மேலே பார்த்தார்கள் என்று கவனித்தேன். ஒரே ஒரு பெண், அதுவும் கொட்டாவி விடும்போது. நான் வேலை பார்த்த கிளை நூலகத்திலும் இதே கதைதான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலே கூரை பெயர்ந்து விழுந்தால்கூட அவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டுத்தான் நிமிர்வார்கள்.

இரவு. இதை எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இன்னும் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது.

கூரையில் பறக்கும் ஒரு சுருளில் ஒரு வரி எழுதியிருக்கிறது: ‘மண்ணிலிருந்து விண்ணுக்கு நம் அறிவை உயர்த்துகின்றன.’ 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்காவின் கவிதை வரி என்பது நான் முன்பே படித்தது. புத்தகங்கள் உயர்த்துகின்றன, கலைகள் உயர்த்துகின்றன என்று நானாக எடுத்துக்கொண்டேன். பொருத்தமான வரி, நூலகத்துக்கென்றே எழுதியதுபோல. சாப்பிடும்போது மகளிடம் இதைச் சொன்னேன். "எழுவாய் எங்கம்மா?" என்றாள். எது உயர்த்துகிறது என்று அந்த வரியில் இல்லையே! போனில் அந்தக் கவிதையைத் தேடி எடுத்து, அரைகுறை இத்தாலியனில் முழுக்கப் படித்துச் சொன்னாள்.

அது கோலோன்னா குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு, கிராமப்புறத்திலிருந்துகொண்டு கவிஞர் எழுதிய சொனெட், பதினான்கு வரிக் கவிதை. அதில் வருவது இது: இங்கே மாளிகை இல்லை, அரங்கம் இல்லை, தூண் மண்டபம் இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரு தேவதாரு, ஒரு பீச் (beech) மரம், ஒரு பைன், பச்சைப் புல், பக்கத்தில் அழகிய மலை. பாடிக்கொண்டே ஏறி இறங்கும் அந்த இடம். இவைதான் மண்ணிலிருந்து விண்ணுக்கு நம் அறிவை உயர்த்துகின்றன.

அதாவது ‘மாளிகை வேண்டாம், மரம் போதும்’ என்று சொல்லும் கவிதையிலிருந்து ஒரு வரியை வெட்டி, புளோரன்ஸின் மிகப் பெரிய மாளிகைகளில் ஒன்றின் கூரையில் ஒட்டியிருக்கிறார்கள்.

தெரியாமல் செய்திருக்க வழியே இல்லை. திட்டம் போட்டவர்கள் பெத்ரார்க்காவை மனப்பாடமாகத் தெரிந்த மொழிப் புலவர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் படித்தவர் யார் அண்ணாந்து பார்த்தாலும் முந்தைய வரி நாக்கில் வந்து நின்றிருக்கும். நம்மில் திருக்குறளில் ஒரு அடியைச் சொன்னால் மறு அடி தானாக வராதா, அப்படி. பணம் கொடுத்தவருக்குப் பெருமை, படித்தவனுக்கு ஒரு கண்சிமிட்டல் என்று சேஞியோ ஜொர்தானோவோ நினைத்தார்களா? இல்லை, ‘இந்த அறையில் புத்தகங்களே மரம், அலமாரியே மலை’ என்று நேர்மையாகவே நினைத்தார்களா? நான் முதலாவதை விரும்புகிறேன். மகள் இரண்டாவது என்கிறாள். பில் வரும்வரை வாதாடினோம்.

நாள் 4, புதன்

ரயில் மாலையில்தான். காலையில் சான் லொரென்சோ தேவாலயத்தை ஒட்டியிருக்கும் லௌரென்சியானா நூலகம். ரிக்கார்தியானாவிலிருந்து கூப்பிடு தூரம். மெதிச்சிகளின் நூலகம், மைக்கலாஞ்சலோ வடிவமைத்தது, 1571-இல் திறந்தது. முன்கூடத்துப் படிக்கட்டு புகழ்பெற்றது, எரிமலைக் குழம்பு வழிவதுபோல நடு அறைக்குள் இறங்குகிறது. ஆளுக்கு ஆள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி வாசிப்பறைக்குப் போனோம்.

இரண்டு பக்கமும் தேவாலயத்தில் இருப்பதுபோல மரப் பெஞ்சுகள். பெஞ்சின் முதுகே அடுத்த வரிசைக்காரருக்குச் சாய்வு மேசை. சுவடிகளை மேசையோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்களாம். ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் மரச்சட்டத்தில் அந்த வரிசையில் இருக்கும் நூல்களின் பட்டியல். அட்டவணை அறைக்குப் போக வேண்டாம், நடந்துகொண்டே பார்த்துப் போகலாம். இதைச் செய்தவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.

மேலே பார்த்தேன். ஓவியமே இல்லை. செதுக்கிய மரக் கூரை, நீள்வட்டம், மாலை, மிருகத் தலைகள், எல்லாம் மரத்தின் நிறத்திலேயே. அழகுதான், ஆனால் நேற்றைய வானத்துக்குப் பிறகு கொஞ்சம் அடங்கியதாகத் தெரிந்தது. கழுத்தைத் தேய்த்துக்கொண்டே குனிந்தேன். தரையில் அதே கூரை இருந்தது.

சிவப்பும் வெள்ளையுமாகச் சுட்ட மண்ணில், மேலே இருக்கும் அமைப்பைத் தரையில் பதித்திருக்கிறார்கள். கட்டம் கட்டமாக மேலும் கீழும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிட்டேன். நான் நின்ற இடத்துக்கு நேர் மேலே இருந்தது என் காலடியிலும் இருந்தது. நானும் மகளும் போனை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்த வித்தையை 16-ஆம் நூற்றாண்டில் சுட்ட மண்ணில் செய்துவிட்டார்கள். சங்கிலி போட்ட புத்தகத்தின்மேல் குனிந்திருக்கும் படிப்பாளிக்குக் கூரை வேண்டுமென்றால் நிமிர வேண்டியதே இல்லை, கண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினால் போதும்.

அரை மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். காவலுக்கு நின்ற அம்மாள் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, உதவிக்கு வந்து, தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். மகள்தான் விளக்கிச் சொன்னாள்.

இதை ரயிலில் எழுதுகிறேன். சுரங்கம் தொடங்கிவிட்டது, ஜன்னலில் மறுபடி என் முகம்.

"இன்னைக்குக் கழுத்து எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல. இன்னைக்குக் குனிஞ்சே பார்த்துட்டேன்."